வாடகைக் காரை விட்ட வருஷம்

காரை வாங்கறது நல்லதா, வாடகைக்கு எடுக்கறது நல்லதான்னு யாராவது என் முன்னால பேச்செடுத்தா, பதில் வர்றதுக்கு முன்னாடி எனக்குக் கோபம்தான் வரும். "வாடகைக்கு எடுங்க"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். "கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா?"ன்னு பின்னாலேயே கேப்பாங்க. கணக்கெல்லாம் அந்தக் கால மலாயாவுல, எமர்ஜென்சி நேரத்துலேயே போட்டாச்சு. என் கணக்கும் சரி, எங்க வீட்டுக்காரர் கணக்கும் சரி, ரெண்டுல ஒண்ணுலகூட தப்பில்ல. ஆனாலும் அந்தக் காரால நான் கெட்டேன்.

எங்க தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தையத் தாண்டி ரொம்ப உள்ள. சுத்திலும் ரப்பர் மரம், அதுக்கப்புறம் காடு. எங்க வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதற சின்னக் கிராணி. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல டீச்சர். டீச்சருன்னு வாய் நிறையக் கூப்பிடுவாங்களே தவிர நான் தற்காலிகம்தான். சர்ட்டிபிகேட் இல்ல. மேனேஜர் தும்மினாக்கூட வேலை போயிரும். சர்ட்டிபிகேட் வாங்கணும்னா மூணு வருஷம், சனிக்கிழமை தவறாம, கோல சிலாங்கூர் டவுனுக்குப் போயி பயிற்சி வகுப்புல உக்காரணும். ரெண்டு வருஷத்தைக் கடத்திட்டேன். இது கடைசி வருஷம். இதுல பேரை அடிச்சுட்டா மறுபடியும் சேர எனக்கு வயசு தாண்டிப் போயிருக்கும். அதை வகுப்பு நடத்தின வாத்தியார் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. "அம்மா, உங்களுக்கு இது ஒரே தடவைதான்."

அந்த வருஷம் ஆரம்பத்துல எங்க ரோட்டுல ஓடின பஸ்ஸைக் காட்டுக்குள்ள இருந்த கம்யூனிஸ்ட்காரங்க மறிச்சு, ஆளுங்களை இறக்கிவிட்டு, கொளுத்திட்டாங்க. அதோட பஸ் உள்ள வர்றது நின்னு போச்சு. மெயின் ரோட்டுக்கு நடந்து போகலாம்னா விடியற வரைக்கும் ஊரடங்கு. விடிஞ்சப்புறம் நடந்தா வகுப்பு பாதி முடிஞ்சிருக்கும். ரெண்டு சனிக்கிழமை அப்படியே போச்சு. தொழிலாளிங்க குடியிருக்கற லயத்தைச் சுத்தி முள்வேலி போட்டு, கேட்டுல காவலுக்கு ஆள் நிறுத்தியிருந்த நேரம் அது. ஒரு பிடி அரிசி, ஒரு டின் மீன், ஏன், வெந்த சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. காட்டுல இருக்கறவங்களுக்குச் சோறு போயிரக் கூடாதாம். ரப்பர் மரத்துல பால் வெட்டப் போறவங்க காலையில வெறும் வயித்தோட போயிட்டு, திரும்பி வந்துதான் சாப்பிடணும். பசிச்சு மயங்கி விழுந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

எங்க வீட்டுக்காரர்தான் டவுன்ல ஒரு சீன முதலாளியை, தவுக்கேயைக் கண்டுபிடிச்சாரு. அவன் ஒரு புதுக் கார் வச்சிருந்தான். டிரைவரோட மாச வாடகைக்கு விடுவான். எங்களுக்கு மாசத்துல நாலு சனிக்கிழமை போதும். என் சம்பளத்துல கணிசமா ஒரு பங்கு போச்சு. போகட்டுமே! டிரைவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர், அவரை நான் பாக்சிக்னு கூப்பிடுவேன். ஏழு மணின்னா ஏழு மணிக்கு வாசல்ல ஹார்ன் சத்தம் கேக்கும். கேட்டுல காவல்காரன் கேக்கறதுக்கு முன்னாடியே இறங்கிப் பின்னால டிக்கியைத் தொறந்து காட்டுவாரு. உள்ள ஒரு ஸ்பேர் டயர், ஒரு பழந்துணி, அவ்வளவுதான். நான் பின் சீட்டுல ராணி மாதிரி உக்காந்து நோட்டைப் புரட்டிக்கிட்டே போவேன். என் வாழ்க்கையில நான் நிம்மதியா படிச்சது அந்தப் பின் சீட்டுலதான்.

இதுல இன்னொரு சௌகரியம் இருந்துச்சு. அதை அப்ப நான் பெருசா நினைக்கல. முதல் வாரமே, ஆளுங்களை வேலை வாங்கற மண்டோரோட பெண்சாதி வந்து நின்னாங்க. "டீச்சரம்மா, டவுனுக்குத்தானே போறீங்க, ஒரு ஓரமா நானும் ஒட்டிக்கிட்டு வரட்டுமா?" நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "எனக்கென்னங்க, வாங்கன்னுதான் சொல்லுவேன். தவுக்கே ஆள் ஏத்தக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கான்"ன்னேன். அவன் அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லவே இல்ல. அப்பட்டமான பொய். ஆனா எவ்வளவு வசதியான பொய்! யாருக்கும் மனசு நோகல. தவுக்கேயை ஆளுக்கு ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிட்டாங்க.

இப்படி நாலு மாசம் போச்சு. எங்க வீட்டுக்காரருக்குத்தான் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. பெரிய கிராணி ஒரு பழைய கார் வச்சிருந்தாரு. அதைப் பார்க்கறப்பல்லாம் இவருக்கு வயித்தெரிச்சல்.

"மாசாமாசம் அவன் கையில கொட்டிக் கொடுக்கறோம். கடைசியில நமக்கு என்ன மிஞ்சும்? ஒரு ஆணி மிஞ்சுமா?"

"சர்ட்டிபிகேட் மிஞ்சும்"ன்னேன்.

"இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டா அதே காசுல தவணைக்கு ஒரு புதுக் காரே வாங்கிரலாம். தவணை முடிஞ்சா காரு நம்மது."

"எரிஞ்சா? பஸ்ஸைக் கொளுத்தினவனுக்குக் காரு எம்மாத்திரம்? தவுக்கே காரு எரிஞ்சா தவுக்கே பாத்துக்குவான். நம்ம காரு எரிஞ்சா நாம சாம்பலுக்குத் தவணை கட்டிக்கிட்டு இருப்போம்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

நான் ஒரு தாள்ல ரெண்டு பக்கமும் எழுதிக் காட்டினேன். வாடகை இந்தப் பக்கம். தவணை, பெட்ரோல், டயர், ரோட் டாக்ஸ் அந்தப் பக்கம். அவர் அந்தத் தாளை வாங்கி, அடியில தன் கணக்கை எழுதினாரு. அஞ்சு வருஷம் கழிச்சு யார் கையில என்ன இருக்கும்னு. அவர் சொன்னதும் நியாயம்தான், இல்லேங்கல. அஞ்சு வருஷத்துக்கு அவரு சொன்னது சரி. எனக்கு வேண்டியது எட்டு மாசம். அதை எத்தனை தடவை சொல்லியும் அந்த மனுஷன் காதுல ஏறல.

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வர்றேன், எங்க வாசல்ல லயமே கூடியிருக்கு. நடுவுல சாம்பல் நிறத்துல ஒரு சின்ன இங்கிலீஷ் காரு. முன்பணம் கட்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, ஓட்டிக்கிட்டே வந்துட்டாரு. மனுஷன் மூஞ்சியில ஒரு சிரிப்பு. அத்தனை பேர் முன்னால என்னத்தைப் பேசறது? பல்லைக் கடிச்சுக்கிட்டு, "நல்லா இருக்கு"ன்னேன்.

உடனே பூசாரியைக் கூட்டிட்டு வந்தாங்க. மஞ்சள், குங்குமம், மாலை. நாலு சக்கரத்துக்கு அடியில நாலு எலுமிச்சம் பழம். தேங்காய் உடைச்சுச் சூடம் காட்டினாங்க. பாக்சிக் ஓட்டின காருக்கு நாலு மாசத்துல ஒருத்தரும் ஒரு பொட்டு வச்சதில்ல. மண்டோர் சத்தமா, "நம்ம ஆளுங்கள்ல முதல் புதுக் காரு. இது நம்ம தோட்டத்துக் காரு!"ன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. எங்க வீட்டுக்காரர் குளிர்ந்து போயிட்டாரு. எனக்குப் பக்குன்னு இருந்துச்சு.

முதல் சனிக்கிழமை நான் நோட்டோட வெளிய வர்றேன், தலை நிறையப் பூவும் முகம் நிறையப் பவுடருமா மூணு பொம்பளைங்க காருக்குப் பக்கத்துல நிக்கறாங்க. "ஏறுங்க, ஏறுங்க"ன்னு இவரு கதவைத் தொறந்துவிடறாரு. ஒருத்திக்கு ஆஸ்பத்திரி. ஒருத்திக்குச் சந்தை. இன்னொருத்திக்கு டவுனையும் தாண்டித் தஞ்சோங் காராங்ல தங்கச்சி வீடு, "அப்படியே ஒரு எட்டு விட்டுட்டு" வரணும். ஒரு எட்டாம்! நான் மடியில ஒரு பிள்ளையும் காலுக்கடியில ஒரு கோழிக் கூடையுமா வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தப்ப மணி பத்தாகப் போகுது. வாத்தியார் என்னைப் பார்க்காமலேயே ரிஜிஸ்டர்ல எதையோ எழுதினாரு. மூணு நாள் தாமதம்னா ஒரு நாள் வராத கணக்கு.

அன்னிக்கு ராத்திரி வீட்ல சண்டை.

"இத்தனை நாள் வாயைத் தொறக்காதவங்க இப்ப வரிசை கட்டி நிக்கறாங்களே, ஏன்?"

"காரை வாசல்ல வச்சுக்கிட்டு இடமில்லன்னு எப்படிலா சொல்றது? நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா அவங்கதானே வந்து நிப்பாங்க."

"எனக்கு யாரும் வந்து நிக்க வேணாம். எனக்கு ஏழு மணிக்குக் காரு வேணும்."

"அப்ப நீயே போய்ச் சொல்லு."

நானா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? தவுக்கே தலையில பழியைப் போட்ட காலம் போச்சே. இப்ப நான்தான் தவுக்கே. அவங்க பிள்ளைங்களுக்கு வாரத்துல அஞ்சு நாள் பாடம் சொல்லிக் கொடுத்துட்டு, சனிக்கிழமை கதவைச் சாத்த முடியுமா? அதுல நியாயமான தேவையும் இருந்துச்சு. அம்மாமாருங்க வேலைக்குப் போறப்ப பிள்ளைங்களைப் பாத்துக்கற பிள்ளைக் கொட்டகை ஆயாவோட பேரனுக்குக் கண்ணுல புண்ணு. நாலு வாரம் விடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். கண்ணு பிழைச்சுச்சு. அந்த அம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அதுக்காக நான் வருத்தப்படறேன்னு நினைச்சுராதீங்க. ஆனா கருவாடு வாங்கப் போறவங்களுக்கும் சும்மா டவுன் பார்க்கப் போறவங்களுக்கும் நான் என் வகுப்பைக் காவு கொடுத்தேன் பாருங்க, அதுதான் இன்னிக்கும் எரியுது.

வருஷக் கடைசியில ரிஜிஸ்டர் பிரகாரம் எனக்கு அனுமதிச்ச லீவுல ஒரு நாள்கூட மிச்சமில்ல. கடைசிப் பரீட்சை ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. கோலாலம்பூர்லேர்ந்து ஒரு இன்ஸ்பெக்டர் வருவாரு. அவர் முன்னால ஒரு பாடம் நடத்திக் காட்டணும். நான் தென்னை மரத்தைப் பத்தி எடுத்துக்கிட்டேன். பெரிய தாள்ல வேர்லேர்ந்து குருத்து வரைக்கும் படம் வரைஞ்சு கலர் அடிச்சு வச்சிருந்தேன். தூக்கத்துலகூட அந்தப் பாடத்தை நடத்தினேன்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவாரு.

அதுக்கு முந்தின நாள் அவர்கிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன். "நாளைக்கு ஒருத்தர் ஏறினாலும் நான் இறங்கி நடந்துருவேன்." அவருக்கும் உறைச்சிருக்கணும். சாயந்திரம் லயத்துக்குப் போயி வீடு வீடாச் சொல்லிட்டு வந்தாரு. "டீச்சருக்குக் கடைசிப் பரீட்சை. இது போச்சுன்னா எல்லாம் போச்சு. நாளைக்கு மட்டும் யாரும் வராதீங்க." ஒருத்தரும் முகம் சுளிக்கலையாம். "ஐயோ, நாங்க அவ்வளவு தெரியாதவங்களா கிராணி ஐயா?"ன்னு கேட்டாங்களாம்.

சொன்ன மாதிரியே காலையில கார்கிட்ட ஒரு ஆள் இல்ல. லயத்து வாசல்ல நின்னு கையை மட்டும் ஆட்டினாங்க. நான் பின் சீட்டுல தென்னை மரத்தை மடங்காம நீட்டி வச்சுக்கிட்டு உக்காந்தேன். தோட்டத்துக் கேட்டுல இருந்த காவல்காரனுக்கு எங்களை நல்லாத் தெரியும். அவன் பிள்ளையும் எங்க காருல டவுனுக்குப் போயிருக்கு. டிக்கியைத் தொறக்கச் சொல்லாமலே தடுப்புக் கம்பைத் தூக்கிட்டான். ஆகா, இன்னிக்கு நேரம் நல்லா இருக்குன்னு நினைச்சேன்.

மெயின் ரோட்டு முக்குல புதுசா ஒரு தடுப்பு. போலீஸும் பட்டாளமும் நிக்குது. இறங்கச் சொன்னாங்க, இறங்கினோம். ஐ.சி., அடையாளக் கார்டு கேட்டாங்க, கொடுத்தோம். டிக்கியைத் தொறக்கச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் விசில் அடிச்சுக்கிட்டே போய்த் தொறந்தாரு. விசில் பாதியில நின்னுச்சு.

உள்ள ஒரு பெரிய அலுமினியப் பானை. வாயில வெள்ளைத் துணி கட்டி, சுத்திலும் சாக்கு வச்சு, சாயாம நிறுத்தியிருக்கு. மேல ஒரு கட்டு வாழை இலை. போலீஸ்காரன் துணியை அவுத்தான். ஆவி பறக்குது. சர்க்கரைப் பொங்கல். ஏலக்காய் வாசம் ரோடு பூரா அடிக்குது.

எனக்கு ஒரு நொடியில எல்லாம் விளங்கிப் போச்சு. விடியறதுக்கு முன்னாடி வேலிக்குள்ள இருந்த கோயில்ல மணி அடிச்சது என் காதுல விழுந்துச்சுதான். எனக்காகத்தான்னு தோணல. அத்தனை பொம்பளைங்களும் ஆளுக்கு ஒரு பிடி அரிசி போட்டு, எனக்காகப் பொங்கல் வச்சு, வகுப்புல இருக்கறவங்களுக்கும் பரீட்சை வைக்க வர்ற துரைக்கும் பிரசாதமாப் போகட்டும்னு பானையோட ஏத்தியிருக்காங்க. நான் வேணாம்னு சொல்லுவேன்னு என்கிட்ட சொல்லல. நான் புடவை மாத்திக்கிட்டு இருந்தேன், இவரு குளிச்சுக்கிட்டு இருந்தாரு. டிக்கிக்குப் பூட்டு கிடையாது. தினமும் கேட்டுல சோத்துப் பொட்டலம் இருக்கான்னு காவல்காரங்க மடியைத் தடவிப் பார்த்து அனுப்பற அதே பொம்பளைங்கதான். அவங்களுக்கு அந்தச் சட்டம் தெரியாதா என்ன? நல்லாத் தெரியும். ஆனா சாமிக்குப் படைச்சதைச் சோத்துக் கணக்குல யாரு சேர்ப்பா?

அதிகாரி சேர்த்தாரு. பானைக்குள்ள குச்சியை விட்டு ஆழம் பார்த்தாரு. "இருபது பேர் சாப்பிடலாம். காட்டுல யாருக்குக் கொண்டு போறீங்க?"ன்னு கேட்டாரு. நான் எனக்குத் தெரிஞ்ச மலாயில, கோயில், சாமி, பரீட்சைன்னு திக்கித் திணறிச் சொன்னேன். படத்தை விரிச்சுக் காட்டினேன். தென்னை மரத்தைப் பார்த்துட்டு என்னையும் பார்த்தாரு.

"யார் காரு இது?"

"என் காருங்க"ன்னாரு எங்க வீட்டுக்காரர். அந்த வார்த்தையை அவர் அவ்வளவு மெதுவாச் சொல்லி நான் கேட்டதே இல்ல.

என்னை மட்டுமாவது போற லோரியில ஏத்தி விடுங்கன்னு கெஞ்சினேன். பானை யாருதுன்னு தெரியற வரைக்கும் ரெண்டு பேரும் இருக்கணும்னுட்டாங்க. ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வச்சாங்க. சுவத்துல ஒரு கடிகாரம் இருந்துச்சு. எட்டரை ஆச்சு. ஒன்பது ஆச்சு. என் பேரை இப்பக் கூப்பிடுவாங்க, இப்ப அடுத்த பேருக்குப் போயிருப்பாங்கன்னு நினைச்சு நினைச்சு முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு போலீஸ்காரன் பானையைத் தூக்கிட்டுப் போயி வெளிய சாக்கடையில கவுத்தான். முந்திரிப் பருப்பு மிதந்து போச்சு. அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு, அதுவரைக்கும் அழல.

மேனேஜர் கடுதாசி கொடுத்து அனுப்பி எங்களை விட்டப்ப மணி மூணு. காரை விடல. தோட்டத்து லோரியில திரும்பினோம். சேதி எங்களுக்கு முன்னாடியே வந்து சேர்ந்திருந்துச்சு. லயமே எங்க வாசல்ல நிக்குது. பிள்ளைக் கொட்டகை ஆயா முன்னால வந்து, "தாயி, அது சாமி சோறு தாயி, அதைப் போயி பிடிப்பாங்கன்னு…"ன்னு ஆரம்பிச்சுச்சு.

என் வாய் எனக்கு அடங்கல.

"உங்களை யாரு பொங்கல் வைக்கச் சொன்னா? ஓசியில ஏறி ஏறி என் படிப்பைப் பாதி தின்னீங்க. மிச்சத்தையும் பானையில போட்டுக் கிண்டிட்டீங்க. இனிமே ஒருத்தராவது அந்தக் காரு பக்கம் வந்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

ஒவ்வொருத்தராக் கலைஞ்சு போனாங்க. அந்தப் பொங்கலுக்கு அரிசி போட்டவங்களுக்கு அந்த வார ரேஷன் அரிசியில எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு எனக்கு அப்பத் தோணல. தோணியிருந்தாலும் நிறுத்தியிருப்பேனான்னு தெரியல.

வகுப்பு ஆபீசுக்கு மூணு கடுதாசி எழுதினேன். மூணாவதுக்குப் பதில் வந்துச்சு. பரீட்சைக்கு வராததால பேர் நீக்கப்பட்டது, வயது வரம்பு கடந்துவிட்டதால மறுசேர்க்கை இல்லை. ரெண்டே வரி. மறு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு சர்ட்டிபிகேட் வச்சிருந்த ஒரு டீச்சர் வந்துட்டாங்க. என்னை நிறுத்திட்டாங்க.

காரு ஒரு மாசம் கழிச்சு, அபராதம் கட்டினப்புறம், வீட்டுக்கு வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் பழக்கத்துல சனிக்கிழமை காலையில அதைக் கழுவித் துடைச்சு வாசல்ல நிறுத்துவாரு. கார்கிட்ட ஒரு ஈ காக்கா இல்ல. ஏழு மணிக்குக் காரு தயார். எனக்குத்தான் போக இடமில்ல.

மழைக் காலத்துல ஒரு நாள், ஆயாவோட மகளுக்கு இடுப்பு வலி கண்டுருச்சு. ரெண்டு பேர் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க; எங்க வீட்டைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போகணும். நான் வெளிய ஓடி வந்தேன். "காரு இருக்கு, ஏறுங்க"ன்னேன்.

ஆயா தலையைத் தூக்கல. "வேணாம் டீச்சரம்மா. லோரிக்குச் சொல்லியிருக்கு, வரும்."

அப்ப நான் டீச்சரும் இல்ல. அந்த அம்மா இன்னும் அப்படித்தான் கூப்பிட்டுச்சு.

"ஏறுங்கன்னு சொல்றேன்ல! இந்த மழையில எப்படி நிப்பா அந்தப் பொண்ணு?"ன்னு கத்தினேன். மன்னிச்சுருங்கன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன், கத்தல்தான் வந்துச்சு. அவங்க மழைக் கோட்டைப் பிள்ளைத்தாச்சி தலையில இழுத்துவிட்டுக்கிட்டு நடந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரர் காரை ஸ்டார்ட் பண்ணி, லோரி வர்ற வரைக்கும் நிறுத்தாம ஓடவிட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. லோரி வர முக்கால் மணி நேரமாச்சு.

பிள்ளை வழியிலேயே, லோரியிலேயே பொறந்துச்சு. நல்லா இருந்துச்சு. ஆயா வீடு வீடாச் சக்கரை கொண்டு போய்க் கொடுத்துச்சு, எங்க வீட்டுக்கு வரல. ஆபீஸ்ல பிறப்புப் பதிவு எழுத வந்தப்பதான் எங்க வீட்டுக்காரருக்கே தெரியும். சாயந்திரம் வந்து, பொம்பளைப் பிள்ளையாம்னு எனக்குச் சொன்னாரு.